விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: பழைய கணினியைக் கைவிட வேண்டுமா? கேரளப் பள்ளிகளின் 20 ஆண்டு அனுபவம்

திருவனந்தபுரம்: எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகள் 2025 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றுடன் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 அந்தக் கணினிகளில் பலவற்றை ஏற்பதில்லை. பிள்ளையின் படிப்புக்காக ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு மடிக்கணினி வாங்கிய குடும்பமும், ஒரே ஒரு மேசைக் கணினியை வைத்து ஆவணங்களைத் தட்டச்சு செய்து தரும் கடைக்காரரும் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நன்றாக ஓடும் கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேரளத் தலைநகரம் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வடிவில் சந்தித்தது. திருவனந்தபுரத்தின் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள கல்வி உள்கட்டமைப்பு மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் (கைட்) கவனித்துவரும் பள்ளிக் கணினிகளின் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பாடமும் தேர்வும் நடப்பது விண்டோஸில் அல்ல, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தில். எனவே அக்டோபர் 14 அந்தக் கணினி அறைகளுக்கு மற்றுமொரு நாளாகவே கடந்துபோனது.

நின்றது எது?

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல. விண்டோஸ் 10 நிறுவப்பட்ட கணினி நேற்றுபோலவே இன்றும் இயங்கும், கோப்புகளும் அழியாது. இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தரப் புதுப்பிப்புகள்தான் வராது. கதவு அப்படியே இருக்கிறது, ஆனால் பூட்டு பழுதானால் வந்து பார்க்க ஆள் இல்லை என்ற நிலை.

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலையில். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். பிந்தையது தன்னை நிறுவிக்கொள்ளச் சில நிபந்தனைகளை வைக்கிறது. குறியாக்கச் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 என்ற வசதி கணினியில் இருக்க வேண்டும். செயலி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆகவே அதற்கு முன் வாங்கிய கணினி, நினைவகமும் வேகமும் போதுமானதாக இருந்தாலும், தகுதியற்றது என்றே திரையில் காட்டும். டிபிஎம் இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் கணினிகளும் உண்டு. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி, கணினி எந்த நிபந்தனையில் தவறுகிறது என்பதைத் தெரிவிக்கும். கடைக்குப் போவதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வீண்செலவைத் தவிர்க்கக்கூடும்.

இந்த நிபந்தனைகளால் உலக அளவில் சுமார் 24 கோடி கணினிகள் மின்கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

புதுப்பிப்பு இல்லாவிட்டால் என்ன?

இதற்குக் கேரளத்திலேயே ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல், சில நாட்களில் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. வார விடுமுறை முடிந்து மே 15 திங்கட்கிழமை அலுவலகங்கள் திறக்கப்பட்டபோது, வயநாடு மாவட்டம் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சியும் பாதிக்கப்பட்டது. மறுநாள் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளிலும் அதே அறிவிப்பு தோன்றியது.

அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. உலக அளவில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. மருந்து கையில் இருந்தும் அதை உட்கொள்ளாதவை. ஆதரவை இழந்த இயங்குதளத்துக்கோ அந்த மருந்தே வராது. அன்று நிலைமை கைமீறியதால், 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அவசரப் புதுப்பிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உடனடியாக முடிவெடுக்க இயலாதவர்களுக்கு ஓர் இடைக்கால வழியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை முக்கியப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் காப்பிட்டுக்கொள்பவர்களுக்கு இது இலவசம். மற்றவர்கள் 30 டாலர் அல்லது 1,000 வெகுமதிப் புள்ளிகள் செலுத்த வேண்டும். இதுவரை எந்தக் கணக்கும் தொடங்காமல் கணினியைப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு இந்த நிபந்தனை எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. ஆயினும் இணையத்தில் புழங்கும் கணினி ஒன்றைப் புதுப்பிப்பு இல்லாமல் விட்டுவைப்பதைவிட இது மேல்.

பூஜப்புரை வழி

கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளை முதல் நாளிலேயே தேர்ந்தெடுக்கவில்லை. விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரைப்படி, 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் உருவானபோது, தொடக்க ஆண்டுகளில் பயன்பட்டது மைக்ரோசாஃப்ட் மென்பொருளே. ஒரே நிறுவனத்தின் பொருளைப் பாடமாக்குவதா என்று ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த ஆர்வலர்களுக்குத் திருவனந்தபுரம் ஏற்கெனவே ஒரு மையமாக இருந்தது: 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தது இந்நகரில்தான். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் பள்ளிகள் முழுமையாக லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமானது. அதன் செய்முறைத் தேர்வும் லினக்ஸ் கணினியிலேயே நடந்தது.

இந்தக் கடைசி விவரம்தான் மொத்த ஏற்பாட்டின் அச்சாணி. இயங்குதளத்தைக் குறுந்தட்டில் இலவசமாகக் கொடுப்பது எளிது. அதை எல்லா மாணவர்களும் தொட்டே ஆக வேண்டிய நிலையை உண்டாக்குவது கடினம். தேர்வு அதில் நடக்கிறது என்றால் ஆசிரியர் கற்றாக வேண்டும், கணினி பழுதின்றி இருந்தாக வேண்டும், பழுதானால் யாராவது சரிசெய்தாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். மாவட்டங்களில் முதன்மைப் பயிற்றுநர்கள் நியமிக்கப்பட்டனர். மாணவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டே பழுதான கணினிகளைச் சரிசெய்யும் வன்பொருள் முகாம்களும் நடத்தப்பட்டன. கணினிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது, குறித்த நாட்களுக்குள் பழுதை நீக்காத விற்பனை நிறுவனம் அபராதம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. விற்பனைக்குப் பிந்தைய சேவைக்காகத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்த எவரும் இந்த நிபந்தனையின் அருமையை அறிவர்.

2017இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. அசைபடம், மலையாளக் கணிமை, இணையப் பாதுகாப்பு ஆகியவற்றுடன் வன்பொருளும் அந்த மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. பள்ளிக் கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிள்ளை, வீட்டுக் கணினி மெதுவாக ஓடினால் புதியது வாங்கித் தரும்படி கேட்பதற்கு முன் சற்று யோசிக்கும்.

2019இல் உபுண்டு 18.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைக் கைட் வெளியிட்டது. அலுவலகப் பணிக்கு லிப்ரே ஆஃபிஸ், படங்களுக்கு ஜிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, நிரலாக்கத்துக்கு ஸ்கிராச் எனப் பள்ளிக்குத் தேவையானவை அதில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தன. கணினி ஒன்றுக்கு உரிமக் கட்டணமாகக் குறைந்தது 1.5 லட்சம் ரூபாய் வீதம், 2 லட்சம் கணினிகளுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமானதாக அப்போது கைட் தரப்பில் கூறப்பட்டது. இந்தக் கணக்கைச் சற்று எச்சரிக்கையுடனேயே வாசிக்க வேண்டும். எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு எந்தப் பள்ளியும் வாங்கப்போவதில்லை. கல்வி நிறுவனங்களுக்குப் பெரும் தள்ளுபடி உண்டு. தொகை எதுவாயினும், மிச்சமானதில் ஒரு பங்கு ஆசிரியர் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் திரும்பச் செலவாகும் என்பதையும் மறந்துவிட முடியாது.

கட்டற்ற இயங்குதளத்துக்கும் காலாவதி உண்டு. உபுண்டு 18.04 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2023இல் முடிந்தது. கைட் பின்னர் 22.04 அடிப்படையிலான பதிப்புக்கு மாறியது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. புதிய பதிப்பை அதே பழைய கணினியில் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். செயலியின் தலைமுறையைக் காட்டி அது கதவை அடைப்பதில்லை. இதற்கும் ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது. 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினிகளை லினக்ஸ் உலகமும் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 பதிப்பில் அவற்றுக்கான நிறுவல் வசதி நீக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கான முயற்சிகள் நடந்துள்ளன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடியவிருந்த வேளையில், துறை அலுவலகங்கள் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் உபுண்டுவையும் ஓப்பன் ஆஃபிஸையும் அறிமுகப்படுத்தின. ஆயினும் அவை கணினிப் பாடப்பிரிவை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைத் தந்து, எது வேண்டுமோ அதைத் திறந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால், பழகியதைத்தான் விரல் தேடிப் போகும். கேரளத்தில் அந்தத் தேர்வை மாணவரிடம் விடவில்லை.

வீட்டுக் கணினிக்கு

பள்ளிக்குப் பொருந்துவது வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. பள்ளியில் பழுதுபார்க்க ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. எனவே மாறுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். கைட் இயங்குதளத்தைப் பொதுமக்களும் அந்நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவையும் அவ்வாறே கிடைக்கின்றன. இவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் உள்ள விண்டோஸைத் தொடாமலேயே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒரு மாலைப்பொழுது சோதித்தால் போதும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். நிறுவ முடிவெடுத்தால், அதற்கு முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் நகலெடுத்துவைப்பது கட்டாயம். வட்டை அழித்துவிட்டுத் தொடங்கும் தெரிவை அவசரத்தில் அழுத்தி எல்லாவற்றையும் இழப்பதே இதில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து.

கணினி மிகவும் மெதுவாக இருப்பதாகத் தோன்றினால், குற்றவாளி பெரும்பாலும் செயலி அல்ல, சுழலும் பழைய வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால், பத்தாண்டு பழைய மடிக்கணினியும் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் பெறும். 4 ஜிபி நினைவகத்தை 8 ஜிபியாக உயர்த்துவது அடுத்த படி. விண்டோஸிலேயே தொடர விரும்புபவர்களுக்கும் இது பொருந்தும்.

யார் மாறக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டேலி போன்ற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு லினக்ஸ் ஏற்றதல்ல. மின்னணுக் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கனை ஜிஎஸ்டி உள்ளிட்ட தளங்களில் பயன்படுத்துபவர்களுக்கும் சிக்கல் வரக்கூடும். அவர்களுக்குத் தகுதியுள்ள புதிய கணினியோ, நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்போதான் வழி. மின்னஞ்சல், இணைய வங்கி, டிஜிலாக்கர், பிள்ளைகளின் இணையவழி வகுப்பு, கடிதம் தட்டச்சு செய்தல் போன்ற உலாவியில் முடிந்துவிடும் வேலைகளுக்கு இயங்குதளம் எதுவாக இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களின் முதல் ஐயம் விசைப்பலகை பற்றியதாகவே இருக்கும். விண்டோஸில் பழகிய என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவற்றுக்குப் பதிலாக, லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதி இருக்கிறது. அதில் தமிழ்99, ஒலியியல் ஆகிய இரு முறைகளையும் தேர்ந்துகொள்ளலாம். யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பழைய ஆவணங்கள், அந்த எழுத்துருவை நிறுவும் வரை எழுத்துக் குப்பையாகத் தெரியும். இது லினக்ஸின் குறையல்ல, புதிய விண்டோஸ் கணினியிலும் அப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றிவைத்துக்கொள்வதே நிலையான தீர்வு. எழுத்துரு பற்றிப் பேசும்போது ஒரு செய்தி: கேரளத்தின் தன்னார்வக் குழுவான சுதந்திர மலையாளக் கணிமை அமைப்பு, 'மீரா இனிமை' என்ற தமிழ் யூனிகோடு எழுத்துருவையும் உருவாக்கி இலவசமாக வெளியிட்டுள்ளது.

இந்த மாறுதல் காலத்தில் மோசடிக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று முழுத்திரையில் தோன்றும் எச்சரிக்கை எதுவும் உண்மையானதல்ல. கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் செயலியை நிறுவச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இந்தியாவிலிருந்தே இயங்கிவந்ததை, சிபிஐ மேற்கொண்ட 'ஆபரேஷன் சக்ரா' சோதனைகள் வெளிக்கொண்டுவந்தன. அத்தகைய எண்ணை அழைக்காமல் உலாவியை மூடிவிடுவதே போதுமானது. பணம் இழந்திருந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும். உரிமமில்லாத விண்டோஸை இயக்கித் தருவதாகக் கூறி இணையத்தில் பரவும் சிறு நிரல்களும் இதே வகை ஆபத்துதான். அவற்றோடு தீநிரலும் சேர்ந்து வருவது வழக்கம்.

எதற்கும் உதவாது என்று முடிவான கணினியைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, அது பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். கேரளத்தின் நகர்ப்புறங்களில், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனா மகளிர், மின்கழிவை விலை கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் திட்டம் 2025இல் தொடங்கியது. கொடுப்பதற்கு முன் வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். கோப்புகளை 'டிலீட்' செய்வதால் மட்டும் அவை வட்டிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அழித்த ஆதார் நகலையும் வங்கி அறிக்கையையும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கழற்றிய வட்டு நல்ல நிலையில் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, குடும்பப் புகைப்படங்களின் இரண்டாவது நகலை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாம்.